சத்தமில்லாத நாலு நிமிடம் நாற்பது விநாடி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் அவள் பார்த்த வேலையை ஒரே வார்த்தையில் சொல்வதானால், அழிப்பு. நியமன ஆணையில் 'டேப் நூலகப் பொறுப்பாளர்' என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள், பழையதைப் பாதுகாக்கும் வேலை என்று நம்பித்தான் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே கீழ்த்தளத்து அறையில் இஸ்திரி மேஜை அளவுக்கு ஒரு மெஷினைக் காட்டி, ஒளிபரப்பாகி ஆறு வாரம் ஆன டேப்புகளையெல்லாம் இதன் மேல் வைத்து எடு என்றார்கள். உள்ளே ஒரு பெரிய காந்தம். வைத்தால் ஓர் உறுமல், எடுத்தால் டேப் காலி. புது டேப் வாங்கும் செலவு மிச்சம்.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது டேப் போகும். நாடகம், பேட்டி, கச்சேரி, விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, எல்லாவற்றுக்கும் ஒரே உறுமல்தான். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவாள். கையில் அழுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க அவளால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

சில நாட்களில் மெஷின் சூடாகி நின்றுவிடும். அன்றைக்கென்று ஸ்டூடியோவில் டேப் கேட்டுக் கத்துவார்கள். அழிக்க நேரமிருக்காது, பழைய டேப்பையே தூக்கிக் கொடுத்து, அதன் மேலேயே புது நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். அரை மணி டேப்பில் இருபத்திரண்டு நிமிட நிகழ்ச்சி ஏறினால் கடைசி எட்டு நிமிடத்தில் பழைய நிகழ்ச்சியின் மிச்சம் அப்படியே கிடக்கும். அந்த மிச்சத்துக்கு அங்கே வால் என்று பெயர். யாரும் சொல்லாமலே அவள் வால்களை ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தாள்: எந்த டேப், எத்தனையாவது நிமிடம், யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள். நிலையத்துக்கே அது ஒரு வேடிக்கை. காபி கொண்டு வருகிறவர் முதல் இயக்குநர் வரை அவளுக்கு 'வால் அக்கா' என்று பெயராகிவிட்டது. இந்த வயசிலயும் வாலுத்தனம் போகலையே என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தரும் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் அன்றுதான் முதல் தடவை கேட்பது போலச் சிரித்துவைப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. நாலு வயது சின்னவன். பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை மிதிப்பார்கள், இல்லையென்றால் விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அதே வருடம் அவள் தம்பியோடு கைகளால் சண்டை போடவும் கற்றுக்கொண்டிருந்தாள். அவன் பேசினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சைகை மொழி தெரிந்தவர்களிலும் எல்லாரும் அப்படிப் பேசிவிட முடியாது. ஒரு பஸ் கிளம்பாமல் நின்றதை அவன் சொன்னால், பஸ்ஸும் தெரியும், டிரைவரின் முகமும் தெரியும், பின்சீட்டில் தூங்கி விழுகிறவரும் தெரிவார்.

காது கேளாதோருக்கு வாரம் ஒரு செய்தி அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, அவள்தான் தம்பியைக் கூட்டிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம்; மூன்று வாரச் செய்தி ஒரே அரை மணி டேப்பில் அடுத்தடுத்து ஏறும். பின்னணியில் குரல் கொடுக்க ஓர் ஆள் வைத்தால் அவருக்கும் சம்பளம் தர வேண்டுமே. கேட்கப் போகிறவர்களுக்குக் காதே கேட்காது, குரல் எதற்கு என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார். அதனால் குரல் இல்லை, இசையும் இல்லை, சுத்தமான நிசப்தம். நிலையத்தில் அதற்கு 'ஊமைச் செய்தி' என்று பெயர் வைத்தார்கள். சத்தத்தைக் கவனிக்க வேண்டியவருக்கு அந்தப் பத்து நிமிடமும் டீ நேரம்.

குரல் எதற்கு என்று கேட்ட அந்தக் கணக்கருக்குத் தம்பி ஒரு பெயர் வைத்தான். இரண்டு விரலைக் கத்தரி போல மூக்குக்கு முன்னால் ஆட்டினால் அது அவர். அவள் அதை ஒருநாள் யாரிடமோ சொல்லப்போக, அன்றிலிருந்து அவர் எல்லாருக்கும் கத்தரி சார்தான். தம்பிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எழுதிக் கொடுத்த செய்தியெல்லாம் முடிந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், தன் சொந்தச் சரக்காக ஒரு வாக்கியம் சேர்ப்பான். அவன் என்ன சொல்கிறான் என்று நிலையத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. 'சத்தமில்லாத இந்தச் செய்தியை உங்களுக்கு வழங்கியவர் கத்தரி. நன்றி சொல்லாதீர்கள், அவருக்குக் கேட்காது' என்பான். கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டு அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவாள்.

ஏழு வருடம் அது ஓடியது. ஆறு வாரம் ஆனதும், பேசிக்கொண்டிருக்கிற தன் தம்பியைத் தூக்கிக் காந்தத்தின் மேல் வைத்தவளும் அவள்தான். தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் புதுசாகப் பேசிக்கொண்டால் போச்சு என்றான்.

முப்பத்தோராவது வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டில், மூன்று நாள் ஆஸ்பத்திரியில். அதோடு சரி.

அவன் மனைவிக்கும் காது கேட்காது. கல்யாணமாகி இரண்டே வருடம். ஒரு மாதம் கழித்து வந்து, அவர் பேசினது ஒன்று வேண்டும் என்று கைகளால் கேட்டாள். போட்டோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவன் கைகளைக் கட்டிக்கொண்டோ பாக்கெட்டில் விட்டுக்கொண்டோ நின்றான். போட்டோவில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

அவள் நூலகம் முழுவதும் தேடினாள். முந்நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனையும் தன் கையால் அழித்தது. கடைசியில், அவள் இன்னும் நோட்டில் ஏற்றியிராத ஒரு வினாடி வினா நிகழ்ச்சியின் பின்னால் ஒரு வால் கிடைத்தது. பரிசு வாங்கிய மாணவர்கள் கைதட்டி முடிந்ததும் படம் இரண்டு தரம் உருண்டு, கறுத்து, திடீரென்று தம்பி பாதி வாக்கியத்தில் தோன்றினான். நாலு நிமிடம் நாற்பது விநாடி. கடைசியில் கத்தரியும் இருந்தது. தம்பி மனைவி நூலகத்துக்கு வந்து, மானிட்டருக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒருமுறை பார்த்தாள். பிரதி கேட்டு முறையாக விண்ணப்பம் எழுதினார்கள். நிலையத்தின் சொத்தைத் தனியாருக்குத் தர விதியில்லை என்று பதில் வந்தது. டேப் பெட்டியின் மேல் 'அழிக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதி அலமாரியில் வைத்தாள். ஓட ஓடத் தேயும் என்று பயந்து இன்னொரு தரம்தான் பார்த்தாள். அதற்குள் அந்த வகை டேப்பை ஓட்டும் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. வாங்கிப் போட உதிரிப் பாகமும் இல்லை.

அப்படியே இருபத்திரண்டு வருடம் போனது. கத்தரி சார் நிர்வாகத் தலைவராகிவிட்டார். மின் கட்டணம் அதிகம் என்று டேப் அறையின் ஏசியை அவர் நிறுத்தி நாலு வருடமாகிறது. கதவைத் திறந்தால், ஊறவைத்துத் துவைக்க மறந்த துணி போல ஒரு புளித்த நாற்றம் முகத்தில் அடிக்கும். அதற்கு மேலும் அந்த அறைக்கு வாடகை கொடுப்பது வீண் என்று அவருக்குத் தோன்றியபோது, ஏஜென்சிக்காரர்கள் வந்தார்கள். எல்லா டேப்பையும் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தருவார்கள். படத்தையும் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். அதற்குப் பிறகு டேப்பையெல்லாம் அரைத்துத் தள்ளிவிடலாம். நிலையத்தின் ஆண்டு விழாவுக்குப் பழைய காட்சிகள் போட்ட மாதிரியும் ஆச்சு. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாற்றியது சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 'படத் தரம் திருப்தி' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடும் பொறுப்பு வால் அக்காவுக்கு. ஓய்வு பெற அவளுக்கு இரண்டு மாதம் இருந்தது.

முதலில் வந்த ஃபைலை ஓட்டிப் பார்த்தாள். பழைய படம் ஏறக்குறைய சதுரம். இப்போதைய டிவி அகலம். அகலத்தை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். செய்தி வாசிப்பவருக்கு நெற்றி இல்லை. பாட்டுப் பாடியவர்களுக்கு மோவாயோடு படம் முடிந்தது. மிஞ்சிய முகங்களைச் சாஃப்ட்வேர் தேய்த்து மெழுகாக்கியிருந்தது. எழுபது வயது நடிகர் ஒருவர் சுருக்கம் ஒன்றில்லாமல், கண் மட்டும் கிழண்டு, வேகவைத்து உரித்த முட்டை போல உட்கார்ந்திருந்தார். கத்தரி சார் தன் அறையில் பெரிய டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கு என்று மூன்று தரம் சொன்னார். வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

அவள் வினாடி வினா ஃபைலைத் திறந்தாள். மாணவர்கள் கைதட்டினார்கள். படம் கறுத்தது. தம்பி தோன்றி, கையை உயர்த்தினான். ஃபைல் அங்கேயே முடிந்துவிட்டது.

ஏதோ தவறு என்று ஏஜென்சிக்குப் போன் செய்தாள். மெஷின் ஓட்டுகிற பெண் பொறுமையாக விளக்கினாள். இருபது விநாடி தொடர்ந்து சத்தம் இல்லையென்றால் மீதி டேப் காலி என்று கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். மெஷின் தானே நின்றுவிடும். ஓடாத நிமிடத்துக்குக் காசு தர வேண்டாம் என்று நிலையத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொண்ட வரியாம்.

அவள் நேராக மாடிக்குப் போனாள்.

"சார், அந்த டேப் காலி இல்ல. அதுல என் தம்பி பேசிக்கிட்டு இருக்கான்."

கத்தரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல சத்தமே இல்லையேம்மா. சத்தமில்லாததுக்கு நான் எந்தக் கணக்குல காசு எழுதறது?"

"சத்தம் இல்ல சார். பேச்சு இருக்கு."

அவர் சிரித்தார். கெட்ட எண்ணமான சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நோட்டை விரித்து வைத்தாள். இன்னும் இருநூற்றுப் பதினாறு வால் இருக்கிறது, ஒப்பந்தப் பட்டியலில் நிகழ்ச்சியின் நீளம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் சத்தமுள்ள வால்களும் வெட்டுப்படும், எல்லாம் சேர்த்தாலே பத்தொன்பது மணி நேரம்தான் என்று சொன்னாள். அவர் நோட்டைத் தொடவே இல்லை. பத்தொன்பது மணியை நிமிடமாக்கி, நிமிடத்தைக் கூலியால் பெருக்கி, பேனாவைக் கீழே வைத்தார். அவளுடைய தம்பி என்பதால் அந்த ஒன்றை மட்டும் செய்யச் சொல்வதாகவும், விழா நிகழ்ச்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் செய்த சேவை என்று போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ஒரு வாரத்தில் ஃபைல் வந்தது. அவள் பார்க்காமல் அதை நேராகத் தம்பி மனைவியின் வீட்டுக்கு எடுத்துப் போனாள். முதலில் பார்க்கும் உரிமை அவளுக்குத்தான் என்று நினைத்தாள். செய்தது தப்பு.

தம்பியின் மார்புக்குக் கீழே படம் இல்லை. பாதிப் பேச்சு வெட்டுப்பட்ட இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அவ்வப்போது விரல் நுனிகள் கீழேயிருந்து தண்ணீருக்கு மேலே மூச்சு வாங்க வருவது போல எட்டிப் பார்த்தன. கை முழுதாக மேலே வந்த இடங்களில் அது அவன் கையே இல்லை. வேகமாக ஆடும் விரலைச் சாஃப்ட்வேர் கலங்கல் என்று எடுத்துக்கொண்டு, தானே விரல் வரைந்திருந்தது. இரண்டு விரல் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டையாக நின்றது. ஓரிடத்தில் ஆறு விரல். முகம் மட்டும் மாசு மருவில்லாமல், ஜவுளிக்கடை பொம்மையின் முகம் போல இருந்தது.

தம்பி மனைவி முதலில் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு புருஷன் பேசுகிறான், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திரும்பி நாத்தனாரிடம் கேட்டாள்: இவர் குடித்திருக்கிறாரா? அப்புறம் அவளே தலையாட்டி, மெதுவாக, ஒவ்வொரு சைகையாகச் சொன்னாள். இது அவர் இல்லை. யாரோ அவர் தோலைப் போட்டுக்கொண்டு உளறுகிறார்கள்.

வால் அக்கா லேப்டாப்பை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து, வெகுநேரம் கை கழுவினாள்.

மறுநாள் ஏஜென்சிக்கே போனாள். ஜன்னல் இல்லாத நீள அறை; சுவரோரம் ஆள் உயரத்துக்குக் கோணிகள், கோணி நிறைய டேப். மெஷின் ஓட்டுகிற பெண் உட்காரச் சொன்னாள். இன்னொரு தரம் டேப்பை அப்படியே ஓட்ட முடியாதா என்று கேட்டதும், அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே பழுப்பாக, காபித்தூள் போல ஒரு பிடி. இரண்டாம் தரம் ஓட்டும்போதே டேப்பின் பூச்சு உரிந்து மெஷினெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். இனி அது ஓடாது.

"ஆனா மெஷின்லேர்ந்து முதல்ல வந்தது இருக்குக்கா. மெருகு போடாதது, வெட்டாதது. பத்து நாள் வெச்சிருப்போம், அப்புறம் தானா அழிஞ்சிடும். பாக்கவே அசிங்கமா இருக்கும்."

போட்டுக் காட்டினாள். அசிங்கமாகத்தான் இருந்தது. குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. சட்டையின் சிவப்பு காலரை விட்டு வழிந்து கழுத்தில் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு கையும் இருந்தன. ஒவ்வொரு கையிலும் ஐந்து விரல். தம்பி ஆஸ்பத்திரி ஊழியர்களின் போராட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அதை ஒரு பென் டிரைவில் கொடு என்று கேட்டாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். எல்லாம் பூட்டு, நிலையத்திலிருந்து கடிதம் வந்தால்தான் கொடுக்க முடியும், தெரிந்தால் வேலை போய்விடும். இன்றைக்கு ஆறாவது நாள் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

கத்தரி சாரின் மேஜையில் சான்றிதழ் தயாராக இருந்தது. மூவாயிரத்து நூறு டேப்புக்கும் சேர்த்து ஒரே தாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஏஜென்சிக்குப் பணம். போட்டால்தான் கோணிகள் அரவைக்குப் போகும். பத்து நாளாக அவள் தள்ளிப்போட்டு வந்தாள். படங்களெல்லாம் வெட்டுப்பட்டிருக்கின்றன, முகங்கள் பாழாகியிருக்கின்றன என்று மூன்று பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். குறிப்பு அவர் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

"ஒரு லெட்டர்தானே? தரேன். அதுல எனக்கு என்ன நஷ்டம்?" என்றார். தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க இதுல போடுங்க, நான் அதுல போடறேன்."

"இது பொய் சார்."

"எது பொய்? படம் பளபளன்னு இருக்கு. பாக்கறவங்க சந்தோஷப்படறாங்க. நெத்தி இருக்கா, மோவாய் இருக்கான்னு நீங்க ஒருத்தர்தான் அளந்துகிட்டு இருக்கீங்க. போட்டா போடுங்க, இல்லேன்னா விடுங்க. இன்னும் நாலு நாள்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சாமே?"

அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் தாளைப் பார்த்தாள். மூவாயிரத்து நூறு. அதில் இருநூற்றுப் பதினாறு டேப்பின் கடைசியில் யார் யாரோ பாதிப் பேச்சில் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு எங்கேயும் அவர்கள் இல்லை. அவர்களுக்கும் அக்கா, பொண்டாட்டி, பிள்ளை இருப்பார்கள். இந்தத் தாளைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. போடாமல் எழுந்து போனால் கோணிகள் கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். அவள் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் வருகிறவர் படிக்காமலே போட்டுவிடுவார். இப்படித் தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொள்வதைக் கவனித்தபோது, எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் குரலிலேயே அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது. அருவருப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

அவர் கடிதத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார்.

தம்பி மனைவி அந்த அசிங்கமான படத்தை அன்று மாலை ஆறு தரம் பார்த்தாள். முதல் தரம் ஆடாமல் பார்த்தாள். இரண்டாம் தரம் அவன் சைகை செய்யும்போதே கூடச் செய்தாள். கடைசி வாக்கியம் வந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தாள். அவள் சிரிப்பில் எப்போதும் வரும் அந்த உடைந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். இத்தனை கோடு, இத்தனை புள்ளி இருக்கிறதே என்று நாத்தனார் வருத்தப்பட்டபோது, மழையில் நின்று பேசுகிறார், அவ்வளவுதானே என்றாள். இதைக் கொடுக்க அந்த ஆள் ஏதாவது கேட்டானா என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்று வால் அக்காவின் கைகள் சொல்லின. கைகளால் பொய் சொல்வது அவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

விழா நிகழ்ச்சியில் மெருகு போட்ட தம்பி பன்னிரண்டு விநாடி வந்து, ஆறு விரலால் எதையோ பிசைந்துவிட்டுப் போனான். கத்தரி சாருக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. காது கேளாதோர் சங்கத்திலிருந்து மட்டும், அவர் பேசியது எந்த நாட்டுச் சைகை என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். அவள் எழுதவில்லை. அதற்குள் கோணிகளை லாரி ஏற்றிப் போய்விட்டது.

ஓய்வு பெற ஐந்து நாள் இருக்கும்போது நூலகத்துப் போன் அடித்தது. அறை காலியாக இருந்ததால் மணிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. நடுத்தர வயது ஆள் குரல். அவனுடைய அம்மா தனியாக ஒரு லாண்டரி கடை நடத்தினாராம். வெகு காலத்துக்கு முன்னால், உழைக்கும் பெண்கள் என்றோ என்னவோ ஒரு நிகழ்ச்சியில் அவரைக் காட்டினார்களாம். போன மாதம் அம்மா தவறிப்போனார். அந்த நிகழ்ச்சி இருக்குமா, செலவானாலும் பரவாயில்லை என்றான்.

அவளுக்குத் தெரியும். நோட்டைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. தோட்டக்கலை நிகழ்ச்சி ஒன்றின் பின்னால் மூன்று நிமிடம் பத்து விநாடி. கேள்வி கேட்கிறவரை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பதில் சொல்வார் அந்த அம்மா. சட்டையை மடித்து முடிப்பதற்குள் டேப் தீர்ந்துவிடும்.

"இல்லீங்க. அது அழிஞ்சிடுச்சு" என்றாள். உடனே, "அழிச்சாச்சுங்க" என்று திருத்தினாள்.

"யாருங்க அழிச்சது?"

"நான்தாங்க."

திட்டுவான் என்று அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டு வைத்தான். அன்று எத்தனை தரம் சோப்பு போட்டுக் கை கழுவியும், அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.